ஓதியும் பார்ப்போம், வைத்தியமும் பார்ப்போம்



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் இதய ஆபரேஷன் இருக்கும், டயாலிசிஸ் இருக்கும், கேன்சர், கண்புரை, பிரசவச் செலவு, விபத்து எல்லாம் இருக்கும். மனநோய் என்று எழுதி ஒரு மனு வருவது மிக அரிது. வருகிறவர்களும் "நரம்புத் தளர்ச்சி" என்று எழுதுவார்கள், அல்லது "தூக்கமின்மை" என்று எழுதுவார்கள். உடன் இணைத்திருக்கும் மருந்துச் சீட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரியும். மனுவைக் கொடுத்துவிட்டு, "கமிட்டியில் பெயரை வாசிச்சுராதீங்க" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொள்வார்கள். கிட்னி பழுதான வீட்டார் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மனுக்கள் வராததால் நம் மஹல்லாக்களில் இந்த நோய் இல்லை என்றாகிவிடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று ஓர் ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள் என்று அதில் தெரியவந்தது. நோயின் வகையைப் பொறுத்து, அவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஒரு மஹல்லாவை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய நூறு பேர். அதில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சோர்வு வேறு, நோய் வேறு

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பஜ்ருக்குப் போகும் வழியில் தெருநாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், கை கால் இறுகும், வாய் உலரும். நாம் யோசிப்பதற்கு முன்பே உடம்பு ஓடத் தயாராகிவிடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்புகளை ரத்தத்தில் இறக்கிவிடுவதுதான் காரணம். இது அல்லாஹ் நம் உடம்பில் வைத்திருக்கும் காவல். நாய் போய்விட்டால், பள்ளியில் ஒளுச் செய்து உட்காருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நாய் போகவே இல்லை என்றால் வருகிறது. மாதக் கடைசியில் வாடகை, மகளுக்கு வரன், வெளிநாட்டில் இருக்கும் கணவரின் விசா, மாமியாரின் நோய், பிள்ளையின் பிளஸ் டூ மார்க். இவை ஒவ்வொன்றும் உடம்புக்கு அந்த நாய் மாதிரிதான். உடம்பு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல், நாள் முழுக்க, மாதக்கணக்கில் தயார்நிலையிலேயே நிற்கிறது. கார்ட்டிசால் குறைய வேண்டிய இரவில் குறைவதில்லை, தூக்கம் கெடுகிறது. கழுத்தும் தோளும் இறுகி வலிக்கின்றன. வயிறு எரிகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தப்புகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு மாத்திரை சாப்பிட்டும் கட்டுக்குள் வருவதில்லை. "வாயு" என்று சொல்லிக்கொண்டு இ.சி.ஜி., ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து, எல்லாம் நார்மல் என்ற ரிப்போர்ட்டோடு திரும்பி வருகிறவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். ரிப்போர்ட் நார்மல் என்பதால் வலி பொய் ஆகிவிடாது.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அலுப்பு, எரிச்சல், அழுகை எல்லாமே மனசுதான் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகிய மூன்றும் மனச்சோர்வைப் போலவே வேஷம் போடும். குறிப்பாக நம் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

சபுராளி வீட்டு இரவு

நம் ஊர்ப்பக்கத்தில் மனஅழுத்தம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தூக்கம்தான். ரியாத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். துபாய்க்கு ஒன்றரை மணி நேரம். அங்கே கடையை அடைத்துவிட்டு, ரூமுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு மச்சான் போன் போடுகிறார். ரியாத் என்றால் இங்கே பன்னிரண்டரை. ஒரு மணி நேரம் பேசினால் ஒன்றரை. போனை வைத்தவுடன் தூக்கம் வருமா? பேசியதை நினைத்துக்கொண்டு, கை அப்படியே திரையைத் தள்ளிக்கொண்டே போக, இரண்டு மணி ஆகிறது. ஐந்து மணிக்கு பஜ்ர், ஆறு மணிக்கு டிபன், ஏழரைக்கு ஸ்கூல் வேன். வருஷம் முழுக்க மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஒரு பெண் குடும்பத்தை நடத்துகிறார். பத்து மணிக்குப் பிள்ளையை அடித்துவிட்டு, பதினொரு மணிக்கு அதற்காக அழுகிறார். "இவளுக்கு என்ன குறை? மாசம் பிறந்தா பணம் வருது" என்று மாமி வீட்டில் பேச்சு.

அந்தப் பக்கத்திலும் நிலைமை இதேதான். ஒரு ரூமில் ஆறு பேர், எட்டுப் பேர். சம்பளம் தாமதம். வாப்பா மௌத்துக்கு வர முடியாமல் வீடியோவில் முகம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஊரில் வருத்தப்படுவார்கள் என்று எதையும் சொல்வதில்லை. இங்கிருந்து நாம் போனில் சொல்வதெல்லாம் பிரச்சினைகள் மட்டுமே என்றால், அவர் எங்கே போய் இறக்கிவைப்பார்?

இதற்குப் பெரிய வைத்தியம் வேண்டியதில்லை, ஓர் ஏற்பாடு வேண்டும். நீண்ட பேச்சை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் அவர் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் பேசினால் போதும் என்று இருவரும் ஒத்துக்கொள்ளலாம். பணக் கணக்கைப் பேசுவதற்கு வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்கலாம். தினமும் நடுநிசியில் கணக்குப் பேசினால் இரண்டு பேருக்குமே தூக்கம் போகும். போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். பஜ்ர் அலாரத்துக்குப் பழைய டைம்பீஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அஸருக்குப் பிறகு டீயைக் குறைத்துப் பாருங்கள். டீயில் உள்ள காஃபின் உடம்பை விட்டு இறங்கப் பல மணி நேரம் ஆகும். மதியம் சற்று நேரம் கண் அயர்வது நம் மார்க்கத்தில் உள்ள சுன்னத்துதான். அதை இருபது முப்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டால் இரவுத் தூக்கம் கெடாது.

படபடப்பு வரும் நேரத்துக்கு ஓர் எளிய பயிற்சி இருக்கிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு இறங்குவதை நீங்களே உணரலாம். வெளிமூச்சு நீளும்போது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு வேலை செய்கிறது. அவசரமில்லாமல் திக்ரு செய்கிறவர்களுக்கு இந்த மூச்சு தானாகவே அமைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கடன் என்ற கவலைக்கு மட்டும் மூச்சுப் பயிற்சி போதாது. வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணவருக்குத் தெரியாமல் ஒரு குழுவில் எடுத்து, அதை அடைக்க இன்னொரு குழுவில் எடுத்து, நகையையும் வைத்துவிட்டு, வட்டி கொடுக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வதைக்கும் நிலையில் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு காகிதத்தில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வாரத் தவணை என்ன. மனசுக்குள் உருண்டுகொண்டிருக்கும்போது எல்லையில்லாமல் தெரிவது, காகிதத்துக்கு வந்ததும் ஒரு தொகையாக நிற்கும். பிறகு அந்தக் காகிதத்தை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கு மனுச் செய்ய வழி இருந்தால் அதையும் கேளுங்கள். இப்படிப்பட்ட மனஅழுத்தத்துக்கு மாத்திரையைவிட கணக்குதான் முதல் மருந்து.

எப்போது நோய்?

மௌத்து நடந்த வீட்டில் அழுகை இருக்கும். வியாபாரம் நொடித்தவர் தூங்கமாட்டார். அதெல்லாம் நோயல்ல. ஆனால் மனபாரமோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ, ஏறக்குறைய நாள் முழுக்க, தொடர்ந்து இரண்டு வாரம் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம், சுறுசுறுப்பு ஆகியவையும் கெட்டு, அன்றாட வேலைகளையே செய்ய முடியாமல் போனால், அதை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அதன்பின் தூக்கமே வராதது இதன் ஓர் அடையாளம். "நான் எல்லாருக்கும் பாரம்", "நான் பாவி, எனக்கு மன்னிப்பே இல்லை" என்ற எண்ணம் விடாமல் வருவது இன்னொன்று.

ஆண்களிடம் இது அழுகையாக வெளிப்படாமல் கோபமாக, சிகரெட்டாக, கடையை இழுத்து மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதாக வெளிப்படலாம். வயதானவர்களிடம் மறதி போலத் தெரியலாம். மாணவர்களிடம் வயிற்றுவலி, ஸ்கூலுக்குப் போக மறுப்பு. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், உணவில் விஷம் வைக்கிறார்கள் என்று நம்புவதும், யாரும் பேசாதபோது குரல்கள் கேட்பதும் வேறு வகை நோய். அதற்கு நாள் கடத்தாமல் வைத்தியம் வேண்டும். தொடங்கிய சில மாதங்களுக்குள் சிகிச்சை கிடைத்தவர்கள் தேறுவதற்கும் பல வருடம் கழித்துச் சிகிச்சைக்கு வந்தவர்கள் தேறுவதற்கும் மிகுந்த வித்தியாசம் இருக்கிறது.

பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாத அழுகை பலருக்கும் வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அது போகாமல் நீடிப்பது, பத்துத் தாய்மாரில் ஒருவருக்காவது வருகிற மனச்சோர்வு. பிள்ளையைத் தூக்கப் பிடிக்காமல் இருப்பார், அல்லது பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்று இரவெல்லாம் விழித்திருப்பார். "உனக்கு மட்டும்தான் உலகத்துல புள்ள பொறந்துச்சா" என்று கேட்காதீர்கள். இரவில் ஒரு முறையாவது பிள்ளையை வேறொருவர் வாங்கிக்கொண்டு அவரைத் தொடர்ச்சியாக நாலைந்து மணி நேரம் தூங்க விடுங்கள். பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு இதைவிடக் கடுமையானது வரும். பிரசவமான சில நாட்களிலேயே தூக்கமில்லாமல், தொடர்பில்லாமல் பேசி, ஆளே மாறிப்போவார். அந்த வீட்டில் பெரியவர்கள் "காத்து கருப்பு" என்று நாள் பார்ப்பார்கள். அது ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கொண்டுபோக வேண்டிய அவசரம். தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது.

ஈமான் குறைவா?

மனம் உடைந்திருப்பவரைப் பார்த்து நம்மில் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "தொழுகிறீர்களா?" என்பதுதான். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறோம். கேட்கப்படுகிறவரின் காதில் அது, "உங்கள் ஈமானில் கோளாறு" என்று விழுகிறது. ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் மூழ்கியிருப்பவருக்கு இன்னொரு பாரம். மனச்சோர்வு உள்ளவருக்குத் தொழுகையில் மனம் ஒன்றாது, ஓத உட்கார்ந்தால் எழுத்து மனசில் நிற்காது. அது நோயின் தன்மை. காய்ச்சல்காரருக்கு நாக்கு கசப்பது போல.

மகன் யூசுபை (அலை) இழந்த யஃகூப் நபி (அலை) துயரத்தில் கண் பார்வையையே இழந்ததைக் குர்ஆன் சொல்கிறது. நபியான அவர்களின் ஈமானில் குறை என்று யாராவது சொல்வோமா? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டை வரலாறு துக்க ஆண்டு என்றே அழைக்கிறது. மௌத்து வீட்டில் துயரத்தில் இருப்பவர்களுக்காக ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்ற கஞ்சியைக் காய்ச்சச் சொன்னதும், அது துயருற்றவரின் இதயத்துக்கு ஆறுதல் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அறிவித்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. துயரப்பட்டவருக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை, கஞ்சி கொடுத்தார்கள். நோய்க்கு வைத்தியம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியது பொதுவான ஏவல். அதில் மூளையின் நோய்க்கு மட்டும் விலக்கு இல்லை. புத்தி பேதலித்தவர் மீது, அது தெளியும் வரை தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்பது மதரஸாவில் ஆரம்பப் பாடம். ஷரீஅத் அவரைக் குற்றவாளியாக அல்ல, நோயாளியாகத்தான் பார்க்கிறது.

பல்க் நகரத்தைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர், கி.பி. 934இல் மறைந்தார். அவர் எழுதிய ஒரு மருத்துவ நூலின் முதல் பகுதி உடம்பைப் பற்றியது, இரண்டாம் பகுதி மனத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே நூலில் வைத்ததே ஒரு செய்திதான். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணம் தெரியாமல் வருகிற துயரத்தையும் அவர் பிரித்தார். இரண்டாவது வகை உடம்போடு சம்பந்தப்பட்டது என்றும் அதற்கு உடம்புக்கான வைத்தியமும் வேண்டும் என்றும் எழுதினார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பது போல, மனம் நலமாக இருக்கும் காலத்திலேயே ஆறுதலான எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் சொன்ன யோசனை. இன்றைக்கு மனநல ஆலோசகர்கள் செய்யச் சொல்வதும் ஏறக்குறைய அதையேதான். டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் முஸ்லிம் ஆட்சியாளர்கள் கட்டிய பெரிய மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. இதெல்லாம் நம் முன்னோர் செய்தவை. இடையில் நாம்தான் மறந்தோம்.

அப்படியானால் ஓதிப் பார்ப்பது தவறா? இல்லை. நோயாளிக்கு ஓதி ஊதுவதற்கு நம் மார்க்கத்தில் ஆதாரம் இருக்கிறது. அதற்குக் காசும் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. உம்மாவே மகனுக்கு ஓதி ஊதலாம். தவறு எங்கே என்றால், ஜின் என்றும் சூனியம் என்றும் சொல்லி ஆயிரம் ஆயிரமாக வாங்குகிறவரிடம் போய் நிற்பதிலும், மாத்திரையை நிறுத்தினால்தான் ஓதுவேன் என்று சொல்பவரை நம்புவதிலும், அடிப்பதிலும், பட்டினி போடுவதிலும், கட்டி வைப்பதிலும் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்காதே என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் எவ்வளவு பெரிய தலைப்பாகை கட்டியிருந்தாலும், அந்த வாசலிலிருந்து திரும்பிவிடுங்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநோயாளிகள் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். யாருடைய பிள்ளைகளோ, யாருடைய சகோதரிகளோ. அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்ல, வேறு வழி தெரியாதவர்கள். அதன் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது தெளிவாகச் சொல்கிறது. குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவில் துஆவுக்கு வருகிறவர்கள் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். தவாவும் துஆவும் சேர்ந்த அந்த முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. தர்கா போவது பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு விஷயம். நோயாளி எந்த வாசலில் வந்து நிற்கிறாரோ அங்கேயே மருத்துவரைக் கொண்டுவைப்பது புத்திசாலித்தனம்.

"நிக்காஹ் ஆனா சரியாப் போயிரும்"

இந்த வார்த்தையால் வீணான வாழ்க்கைகள் பல. மகனுக்கு இருபத்திரண்டு வயதில் நோய் தொடங்குகிறது. பொறுப்பு வந்தால் தெளிந்துவிடுவான் என்று தூரத்து ஊரில், விவரம் தெரியாத இடத்தில் பெண் பார்க்கிறார்கள். மகளாக இருந்தால், வெளியே தெரியாமல் இருக்க மருந்தை நிக்காஹுக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணத்தின் அலைச்சல், தூக்கமின்மை, புது வீடு, இவற்றோடு மருந்தும் நின்றால் என்ன ஆகும்? வலிமாவின் வாசனை போவதற்குள் நோய் முழு வேகத்தில் திரும்புகிறது. பிறகு ஜமாஅத்தில் பஞ்சாயத்து, குலா, தலாக். ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர்கள், விரட்டிவிட்டார்கள் என்று இவர்கள். நடுவில் நோயாளி.

நிக்காஹ் மருந்து அல்ல. அதே சமயம், மனநோய் வந்தவருக்கு நிக்காஹே கூடாது என்பதும் இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்க்கும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்வது போல இதையும் பெண் வீட்டாரிடம், மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால் சில வரன்கள் போகும், உண்மைதான். இருக்கிற வரன் மருந்தை மறந்தால் ஞாபகப்படுத்துகிற வரனாக இருக்கும். ஜமாஅத் நிர்வாகிகளும் இதில் ஒன்று செய்யலாம். ஒரு வீட்டுப் பிள்ளை மனநல மருத்துவரிடம் போனான் என்பதை வரன் விசாரிக்க வருகிறவர்களிடம் பேச்சுவாக்கில் சொல்லும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அதைச் சொல்லும் உரிமை அந்த வீட்டாருடையது.

மருந்து பற்றி

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சாப்பிட்ட அன்றே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் சற்றுக் கூடும். முதல் வாரத்தில் குமட்டலும் தலைசுற்றலும் மட்டும்தான் தெரியும். "சாப்பிட்டும் கேட்கலை" என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும், பிறகு டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். திடீரென நிறுத்தினால் தொந்தரவு வரும். இந்த மாத்திரைகள் அடிமைப்படுத்துவதில்லை. அடிமைப்படுத்தக் கூடியவை தூக்க மாத்திரைகளில் சில வகைகள். அவற்றை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் போடுவதுதான் ஆபத்து. எல்லாருக்கும் மாத்திரையே வேண்டும் என்பதும் இல்லை. லேசான நிலையில், முறையாகப் பயின்ற ஆலோசகரோடு சில வாரங்கள் பேசுவதே பலருக்குப் போதும்.

ரமலான் வருவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை நேரத்தை இப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல மருந்துகளை மாற்ற முடியும். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி நச்சாகிவிடும். நோன்பு வைக்கலாமா என்பதை அவர்கள் மருத்துவரிடமும், அவர் சொன்னதை வைத்து ஹஜ்ரத்திடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி வாயைத் திறந்து கேட்கவே நாம் பயப்படுகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆவதில்லை. "வாழவே பிடிக்கலைன்னு தோணுதாம்மா?" என்று அன்பாக, தனியாக உட்கார்ந்து கேட்டால், பலர் அப்போதுதான் முதல்முறையாக மூச்சு விடுவார்கள். ஆமாம் என்றால், "ஹராம் தெரியுமா" என்று தொடங்காதீர்கள். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த எண்ணம் வருகிறதென்றால் வலி அவ்வளவு என்று பொருள். அவரைத் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாமல் வையுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முயன்று பிழைத்தவரை, கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதே மேற்சொன்ன 2017 சட்டம். போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பர்தா அணியும் சகோதரிகள், வெளியே போக முடியாத பெரியவர்கள், இரவு இரண்டு மணிக்கு யாரிடமும் பேச முடியாதவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே அழைக்கலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது, மருந்தும் அங்கேயே இலவசம். நீண்டகால மனநோய் உள்ளவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது.

முதல் தடவை போகும்போது, நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவர் கூடப் போங்கள். ஊரிலிருந்து காரில் வந்த மச்சினரால் தூக்கம் எப்படி என்று டாக்டருக்குச் சொல்ல முடியாது. எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, யூனானி மருந்து ஏதேனும் சாப்பிட்டிருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முதல் ஐந்து நிமிடம் உங்களிடம் பேசிவிட்டு, அடுத்து நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று வெளியே நிற்கச் சொல்வார். தயங்காமல் வெளியே வந்து நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், அடுத்து வரச் சொன்ன தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.